தரை முடிந்த பிறகு சாப்பாடு

அந்தக் குடும்பத்தில் காலையில் எழுந்ததும் ஒருவரை ஒருவர் "நல்லா தூங்கினியா?" என்று கேட்டதில்லை. "பொங்கிச்சா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டது வயிற்றில் இருக்கப் பிடிக்காமல், நெஞ்செல்லாம் எரித்துக்கொண்டு, புளித்த தண்ணீராகத் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது அங்கே வெயில் மழை மாதிரி. அப்பாவுக்கு இருந்தது. அப்பாவின் தங்கைக்கு இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மீசை முளைப்பதற்கு முன்பே அது முளைத்துவிட்டது. மூக்கும் முழியும் மாதிரி அதுவும் அப்பா ஜாடை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் இருந்த அத்தனை கட்டிலுக்கும் தலைமாட்டுக் கால்களின் கீழே இரண்டிரண்டு செங்கல். கல்யாணமாகி வந்த புதிதில் தம்பியின் மனைவி ஒரு வாரம் முழுக்கத் தூக்கத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிச் சறுக்கிப் போய், எட்டாவது நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, உங்க வீட்ல தரை கோணலா, கட்டில் கோணலா?"

"தரை கோணலா இருந்தா எங்க அண்ணன் இந்த வீட்ல இருப்பாரா?" என்றான் அவன். "கட்டிலுக்குத்தான் வாட்டம் வச்சிருக்கோம். பாத்ரூம்ல தண்ணி தேங்காம ஓடணும்னு வைப்போம்ல, அந்த மாதிரி. மேல வரக் கூடாது. கீழதான் போகணும்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

டைல்ஸ் போடுகிற குடும்பம். தம்பியைச் சில்லு என்று கூப்பிடுவார்கள். ஓரத்துக்கும் மூலைக்கும் அளவெடுத்து டைல்ஸ் அறுப்பது அவன் பொறுப்பு. சாயங்காலம் சட்டையைக் கழற்றி உதறினால் பையிலிருந்து ஒரு பிடி சில்லு விழும். அண்ணனுக்குப் பெயர் மட்டம். ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு கண்ணை மூடித் தரையை ஒரு பார்வை பார்த்து, "அந்த மூலை ஒரு நூல் தூக்கியிருக்கு" என்பார். வைத்துப் பார்த்தால் அந்த அரைக்கால் அங்குலம் தூக்கித்தான் இருக்கும். கொத்தனார்கள், "என்ன மட்டம், எப்படி இருக்கே?" என்று தெருவில் கூப்பிடும்போது, கேட்கிறவர்கள் ஏதோ சண்டை என்று திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அதில் ஏகப் பெருமை.

இந்த வேலை முழுக்க முழுக்கக் குனிந்த வேலை. முட்டி போட்டு, கலவையை விரித்து, டைல்ஸைப் படுக்க வைத்து, காது தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து ரப்பர் சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். அடியில் கலவை நிரம்பியிருந்தால் ஒரு சத்தம், காலியாக இருந்தால் ஒரு சத்தம். இப்படி ஒரு நாளைக்கு முந்நூறு தடவை குனிந்து நிமிர்கிறவன் வயிற்றில் எதையாவது வைத்திருந்தால் அது அங்கேயே இருக்குமா? அதுவும் அந்த வீட்டு வயிற்றில்?

அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். தரை முடியாமல் தட்டில் கை வைக்கக் கூடாது. காலையில் நூல் கட்டும்போதே இன்றைக்கு இவ்வளவு என்று முடிவு செய்துவிடுவார்கள். அது முடியும் வரை வெறும் தண்ணீர். மூன்று மணியோ நாலு மணியோ, முடிந்த பிறகு, ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். உட்கார்ந்தால் வயிறு மடிந்துவிடும். சாப்பிடும்போது பேச்சுக் கிடையாது. பேசினால் காற்று உள்ளே போகும். காற்று போனால் சும்மா திரும்பி வராது. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் தனித்தனியாக நடப்பார்கள். ஏப்பம் விடுவதற்கு ஒரு மறைவு வேண்டுமே.

பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் ஒரு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது அண்ணனும் தம்பியும் குனிந்தபடியே இருப்பார்கள். "மிஷினுக்குக்கூட எண்ணெய் விடுவாங்கடா, நீங்க என்ன பிறவிடா?" என்பான் பெயின்டர். வீடு கட்டுகிறவர்களோ, "வேலைன்னா அந்த அண்ணன் தம்பிதான், டீக்குக்கூட எழுந்திருக்க மாட்டாங்க" என்று நாலு பேரிடம் சொல்வார்கள். வயிற்றுக்குப் பயந்து போட்ட சட்டம் இப்படியே குடும்பத்தின் கௌரவமாகிவிட்டது.

அப்பா கடைசி வருஷத்தில் வேலை இல்லாத நாளிலும் தட்டில் கை வைக்கவில்லை. சாப்பாட்டையே வெறுத்துவிட்டார் என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் தன் வீட்டுக்கு மாடி எடுத்தார். மாடி முழுவதற்கும் டைல்ஸ் வேலை இவர்களுக்கு. நாலடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸ். ஒன்றைத் தூக்கவே இரண்டு கை போதாது. அந்த வேலையில்தான் சில்லு ஒரு விஷயத்தைக் கவனித்தான். அண்ணன் முன்பெல்லாம் ஒரே மூச்சில் தூக்கி வைக்கிற டைல்ஸை இப்போது முதலில் தூக்கி, தொடையில் ஒரு தடவை சாய்த்து, அப்புறம் வைக்கிறார்.

"என்னண்ணே, இடுப்பு பிடிச்சிருக்கா?"

"வயசாகுதுடா. உன்னை மாதிரி இன்னும் எத்தனை நாள் வாலிபனா நடிக்கிறது?"

நாற்பத்தெட்டெல்லாம் ஒரு வயதா என்று சில்லு நினைத்தான். அதோடு விட்டுவிட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணனின் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். டிரில் மிஷினைப் பிடித்து ஒரே அழுத்து. "தொப்பை இறங்கிடுச்சுண்ணே, அண்ணி கண்ணு வைக்கப் போறாங்க" என்று கிண்டல் வேறு. அண்ணனும் வயிற்றை உள்ளே இழுத்துக் காட்டிச் சிரித்தார்.

அந்த வீட்டில் ஒரு தெரு நாய் இருந்தது. செம்பட்டை நிறம். இவர்கள் வந்த மூன்றாம் நாளே அண்ணனோடு ஒட்டிக்கொண்டது. அவர் எந்த அறையில் குனிந்திருக்கிறாரோ அந்த அறை வாசலில் படுத்துக்கொள்ளும். மூன்று மணியானால் எழுந்து நின்று வாலாட்டும். "மட்டத்துக்கு எந்தத் தெரு நாயும் சொந்தம்தான்" என்று பெயின்டர் சொல்வான். சில்லுவும் சேர்ந்து சிரிப்பான்.

ஒரு சனிக்கிழமை வங்கி அம்மாள் மாடிக்கு வந்தார். கையில் ஒரு தட்டில் பழம் அறுத்து வைத்திருந்தார். அண்ணன் கீழே மணல் சலிக்கப் போயிருந்த நேரம்.

"உங்க அண்ணனுக்கு என்ன உடம்பு?" என்று கேட்டார்.

"அண்ணனுக்கா? ஒண்ணும் இல்லையே மேடம்."

"இல்ல, ஒரு மாசமா பாக்கறேன். அவர் எதையாவது சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல."

"அது எங்க வழக்கம் மேடம். தரை முடிஞ்சாத்தான் சாப்பாடு."

"அது தெரியும். நீங்க சாப்பிடறதை நான் பார்த்திருக்கேனே. கீழ துணி காயப் போடும்போது மாடிப்படில நின்னுக்கிட்டு சாப்பிடுவீங்க. அவர் கார் ஷெட்டுக்குப் போவார். போனதும் நாயும் போகும். கொஞ்ச நேரத்துல நாய் நாக்கை நக்கிக்கிட்டே வரும், இவர் டப்பாவைக் கழுவிக்கிட்டே வருவார். வெளியாள் எனக்கென்ன, சொல்லணும்னு தோணுச்சு."

சில்லுவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் எதையாவது இப்படித்தான் தோண்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு மூன்று மணிக்கு, தன் டப்பாவைத் திறக்காமலே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

கார் ஷெட்டில் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாயில் ஒரு கவளம். மென்றார், மென்றார், கன்னம் வலிக்கும் வரை மென்றார். பிறகு தண்ணீரை ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கழுத்தை முன்னால் நீட்டி, தலையை ஆட்டி ஆட்டி உள்ளே தள்ளப் பார்த்தார். முகம் சிவந்தது. ஒரு கை மார்பின் நடுவில் குத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் திரும்பி, வாயில் இருந்ததை அப்படியே சுவரோரம் துப்பினார். டப்பாவில் மிச்சம் இருந்த அத்தனையையும் வழித்து ஒரு காகிதத்தில் வைத்தார். நாய் வந்து சாப்பிட்டது.

"அண்ணே."

அண்ணன் திரும்பினார். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி முதலில் டப்பாவை மறைத்தார். அப்புறம், மறைத்து என்ன ஆகப் போகிறது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கீழே வைத்துவிட்டார்.

"பொங்குதுடா. அதான்."

"இது பொங்கறது இல்லண்ணே. இது உள்ளயே போகல."

"போகும். கொஞ்சம் நின்னு போகும். கஞ்சியா இருந்தா போயிடும். வீட்ல ராத்திரி கஞ்சிதானே குடிக்கறேன்."

"எத்தனை நாளா?"

"இந்த மாசம்தான்."

சில்லு நாயைப் பார்த்தான். சைட்டுக்குச் சைட் ஒரு நாய். அவன் மனசுக்குள் பின்னோக்கி நடந்தான். இந்த வீடு. இதற்கு முன்னால் நகைக்கடைத் தரை, அங்கே ஒரு கறுப்பு நாய். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைகள், அங்கே காது கிழிந்த ஒரு பூனை. அதற்கு முன்னால் இரட்டை வீடு. அங்கேயும் ஒரு நாய், குட்டியோடு. இவர்கள் காலத்தை நாள்காட்டியில் எண்ணுகிறவர்கள் இல்லை. தரையில்தான் எண்ணுவார்கள். நாலு தரை தாண்டிப் போன பிறகுதான், நாய் பூனை எதுவும் அண்ணனோடு ஒட்டாத ஒரு சைட் வந்தது. எட்டு மாதம்.

எட்டு மாதம் பக்கத்திலேயே குனிந்து கிடந்திருக்கிறான். முந்நூறு தடவை தட்டி, அடியில் காலியாக இருக்கிற இடத்தைக் காதால் கண்டுபிடிக்கிற இரண்டு பேரில் அவனும் ஒருவன்.

அந்தக் குடும்பத்துக்கு இதுவரை டாக்டர் என்றால் தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான். இவர்களில் ஒருவர் தலை தெரிந்தாலே பிங்க் நிற மருந்துப் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்துவிடுவார். அந்தப் பாட்டில் சமையலறையில் உப்புக்குப் பக்கத்தில் இருக்கும். திங்கட்கிழமை முதல்முறையாக மருந்துக்கடையைத் தாண்டிப் போனார்கள். அண்ணன், அண்ணி, சில்லு. கல்லூரியில் படிக்கிற அண்ணன் மகளும் கூட வந்தாள். "என்ன ஊர்வலமா? ஒரு எரிச்சலுக்கு எதுக்கு இத்தனை பேர்?" என்று வழியெல்லாம் அண்ணன் திட்டிக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம்பெண். அண்ணனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நாளா முழுங்க கஷ்டமா இருக்கு?"

"கஷ்டம்னு இல்லைங்க டாக்டர். கொஞ்சம் நின்னு..."

"எட்டு மாசம்" என்றான் சில்லு.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உண்டா?"

"யாருக்கு இல்லைன்னு கேளுங்க டாக்டர். சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வழக்கமாகச் சொல்கிற ஜோக் அது. எங்கே சொன்னாலும் நாலு பேர் சிரிப்பார்கள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்பா இருக்காரா?"

"தவறிட்டார். பதினோரு வருஷம் ஆச்சு."

"எதனால?"

"கடைசில அவருக்குச் சாப்பாடு பிடிக்காமப் போச்சு."

டாக்டர் பேனாவை வைத்தார். "பிடிக்காமப் போச்சா, இறங்காமப் போச்சா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அப்பாவும் நின்றுகொண்டே, தனியாக, யாரோடும் பேசாமல் சாப்பிட்டவர்தானே.

தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குழாய் ஒரு இடத்துக்கு மேல் போகவில்லை. அங்கிருந்து கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

வெளியே பெஞ்சில் அண்ணி சில்லுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்கப் போவது அவனுக்குத் தெரியும்.

"கூடவே இருந்தீங்களே தம்பி."

வீட்டில் நீங்கள் இருந்தீர்களே என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் கேட்டால் அண்ணன் சைட்டில் சாப்பிட்டேன் என்பார். சைட்டில் கேட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்பார். ராத்திரி கஞ்சியோடு படுத்தால், அந்த வீட்டில் அதில் யார் என்ன கண்டுபிடிக்க முடியும்? ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு கஞ்சி. பொங்குகிறவன் குடித்துவிட்டுப் போகிறான்.

அண்ணி கையில் இருந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"டப்பா தினமும் சுத்தமா காலியாகி வருதேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். போதலையோ என்னவோன்னு போன மாசம்தான் பெரிய டப்பாவா ஒண்ணு வாங்கினேன் தம்பி."

மகள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "எனக்கும் பொங்கும் சித்தப்பா, காலேஜ் பஸ்ல ஏறினா போதும். என்னையும் குழாய் விட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை. சில்லு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவின் நெற்றி, அவன் அப்பாவின் முகவாய்.

அந்த ஒரு வாரமும் அண்ணன் வேலைக்கு வந்தார். எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. "வீட்ல உட்கார்ந்து சுவரைப் பாக்கறதுக்கு இங்க தரையைப் பாக்கறேன்" என்றார். சில்லு கெஞ்சினான், கத்தினான், ஒரு நாள் வண்டிச் சாவியை ஒளித்து வைத்தான். அவர் பஸ் ஏறி வந்து நின்றார்.

மாடியில் கடைசி அறை மட்டும்தான் பாக்கி. அண்ணன் டைல்ஸ் வைத்தார். தட்டினார். சுத்தி அடி பலமில்லாமல் விழுந்தது. அது தெரியக் கூடாது என்று இன்னும் வேகமாகத் தட்டினார். கடைசி வரிசை முடிந்ததும் எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, "மட்டம் பாருடா" என்றார். இதுவரை ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அவர் பார்த்துத்தான் இவனுக்குச் சொல்வார்.

சில்லு ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி ஓரமாக நின்றது. ஒரு நூல் இல்லை, இரண்டு நூல். பக்கத்து இரண்டு டைல்ஸிலும் வைத்தான். அங்கேயும் அப்படித்தான்.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்குண்ணே."

அண்ணன் வழக்கம்போல ஒரு கண்ணை மூடித் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது தம்பிக்குத் தெரிந்தது. "ம்" என்றார். கலவைச் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அவர் போனதும் சில்லு அந்த மூன்று டைல்ஸையும் பெயர்த்து எடுத்து மறுபடி போட்டான். சட்டி கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது. அண்ணன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

பரிசோதனை முடிவைச் சொல்ல டாக்டர் கதவைச் சாத்தினார்.

"வருஷக்கணக்கா அமிலம் ஏறி ஏறி, உணவுக்குழாயோட உள்தோல் கீழ்ப்பக்கம் மாறிப்போயிருக்கு. மாறின இடத்துலதான் இந்தக் கட்டி வந்திருக்கு. புற்றுநோய்தான். பக்கத்துலயும் பரவியிருக்கு. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சு."

சுவரில் மின்விசிறியின் சுவிட்ச் பலகை கொஞ்சம் சாய்ந்திருப்பதைச் சில்லு பார்த்தான்.

"நெஞ்செரிச்சல் இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். ஆனா உங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தர் இப்படிப் போயிருக்கலாம்னு தோணுது. அதனால மத்தவங்க சும்மா இருக்கக் கூடாது. நீங்களும் பாத்துக்கணும்" என்று சில்லுவைப் பார்த்துச் சொன்னார். "முழுங்கறதுக்கு இப்போதைக்கு உள்ள ஒரு கம்பிவலைக் குழாய் வைப்போம். வழி விடும்."

"எட்டு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" சில்லுவின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் மேஜையில் இருந்த காகிதங்களை நேராக அடுக்கினார். "தெரியாதுங்க" என்றார் கடைசியில். "அதை நினைச்சுக்கிட்டே இருக்காதீங்க."

அதை நினைக்காமல் வேறு எதை நினைப்பது என்று அவர் சொல்லவில்லை.

அண்ணன் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "வழி விடும்னா, சோறு இறங்குமா டாக்டர்?"

"குழைவா, மெதுவா சாப்பிட்டா இறங்கும்."

"எத்தனை நாளைக்கு?"

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சில்லுவைப் பார்த்தாள். சில்லுவுக்குப் பார்க்க யாரும் இல்லை.

"சில மாசங்களுக்கு" என்றார் டாக்டர்.

குழாய் வைத்த அன்று காலையிலேயே, அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே சில்லுவுக்கும் பார்த்தார்கள். அண்ணனின் பிடிவாதம் அது. "எனக்கு உள்ள வைக்கணும்னா, முதல்ல அவனைப் பார்த்தாகணும்" என்று கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்துவிட்டார். சில்லுவின் தொண்டைக்குள் குழாய் தடை இல்லாமல் இறங்கியது. கீழே ஒரு இடத்தில் தோல் நிறம் மாறியிருக்கிறது, ஆரம்பம்தான், கிள்ளி எடுத்து அனுப்பியிருக்கிறோம், மாத்திரையை ஒருநாளும் விடாமல் போட வேண்டும், அப்படியே விடக் கூடாது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்கள். தப்பித்தோம் என்பதா, மாட்டிக்கொண்டோம் என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மகளுக்கு அடுத்த வாரம்.

மத்தியானம் வார்டுக்கு ஏறிப் போனான். எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரம் அண்ணன். நெஞ்சுக்குள் யாரோ விரலை விட்டு விரித்துப் பிடித்திருப்பது மாதிரி இருக்கிறது என்றார். அண்ணி ஊட்டிய நாலு ஸ்பூன் கஞ்சி இறங்கியது. ஐந்தாவது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அண்ணி அந்த நாலு ஸ்பூனுக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெளியே போனாள்.

"உனக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. மாத்திரை போட்டா போதும்னாங்க."

"நிஜமா?"

"நிஜமாண்ணே."

அண்ணன் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்புவதென்று முடிவு செய்துகொண்ட மாதிரி தலையணையில் சாய்ந்தார்.

"காலையிலேருந்து சாப்பிட்டியா?"

"குழாய் விடறதுக்குச் சாப்பிடக் கூடாதுன்னாங்க. இனிமேதான்."

"அந்தப் பையில என்ன?"

"வீட்ல அவ ரொட்டி குடுத்து அனுப்பியிருக்கா. வெளிய போய் சாப்பிட்டுக்கறேன்."

"எதுக்கு வெளிய? இங்கயே சாப்பிடு."

"வேணாம்ணே."

"உட்காருடா. உட்கார்ந்து சாப்பிடு. நான் பாக்கணும்."

சில்லு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் விழுங்கினான். அதே நொடியில் அண்ணனின் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது. வாயில் ஒன்றும் இல்லை. வெறும் தொண்டை.

"போச்சா?"

"போச்சுண்ணே."

"எங்கயும் நிக்கலையே?"

"இல்லண்ணே."

"அடுத்த வாய் எடு."

சில்லு எடுத்தான். நாக்கு வறண்டு ரொட்டி மரத்தூள் மாதிரி இருந்தது. நிறுத்தினால் அண்ணனுக்கு ஏதோ தெரிந்துவிடும். நிறுத்தாமல் சாப்பிட்டால் ஒவ்வொரு வாய்க்கும் அந்தத் தொண்டை ஏறி ஏறி இறங்கும். பக்கத்துக் கட்டில்காரர் டிபன் திறந்து, "தம்பி, குழம்பு வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவன் மென்றான்.

"மெதுவா" என்றார் அண்ணன். "நல்லா மென்னு முழுங்கு. ம், அடுத்தது."